ஃபோர் பை ஃபோர் வாங்கும் முன் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

வேலூரில் ஜீப், மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஸ்கார்ப்பியோ மாதிரியான வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சமீப காலமாக என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் நிறைய பேர் இளம் தம்பதிகள். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குழந்தைகள் இருக்கும். டென்ட் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், அப்புறம் ஏலகிரி, அப்புறம் ஹார்ஸ்லி ஹில்ஸ் என்று பெரிய ஆசை இருக்கும். கேட்கிற முதல் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த வண்டி நல்லா ஏறும்?"

ஏறுவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லி நான் கேட்பது இதைத்தான்: வண்டியில் யார் யார் வருவீர்கள், எவ்வளவு சாமான் ஏற்றுவீர்கள், மலையிலிருந்து எப்படி இறங்குவீர்கள்? குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வண்டியைத் தீர்மானிக்க வேண்டியது இந்த மூன்றும்தான்.

முதலில் போகிற இடத்தைப் பார்ப்போம். பழைய வட ஆற்காட்டில் குடும்பத்தோடு போகக்கூடிய மலைகளுக்கெல்லாம் இன்று தார் ரோடு இருக்கிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே வரை நல்ல ரோடு. அமிர்தி, ஆலங்காயம் வழியாகக் காவலூர், போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் எல்லாம் ஆல்டோவிலும் போய்வரும் இடங்கள்தான். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் இழுவை, அதாவது ஃபோர் பை ஃபோர், வேண்டியிருப்பது கடைசியில் வரும் கொஞ்ச தூரத்துக்கு. தார் ரோட்டை விட்டு நண்பரின் நிலத்துக்கு இறங்கும் வண்டித்தடம், ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறான மலைக்கிராமப் பாதை, சரளைக்கல் உருளும் ஏற்றம் மாதிரியான இடங்கள். உங்கள் பயணத்தில் அப்படி ஒரு கிலோமீட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் தரையிலிருந்து கொஞ்சம் உயரமான, நல்ல டயர் போட்ட சாதாரண எஸ்யூவி போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல சைல்டு சீட் இரண்டு வாங்கிவிடலாம்.

சரி, அந்த ஒரு கிலோமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஃபோர் பை ஃபோர் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜிம்னி, தார், குர்கா மாதிரியான வண்டிகளில் கியர் பாக்ஸை ஒட்டி, சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒன்று இருக்கும். சாதாரணமாக இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். லீவரையோ சுவிட்சையோ ஃபோர் ஹைக்கு மாற்றினால் முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டும் பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். சேற்றிலும் மணலிலும் இது நல்லது. காய்ந்த தார் ரோட்டில் ஆகாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பூட்டியிருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் கியர்களிலும் ஷாஃப்டிலும் முறுக்காக ஏறும். மழைக்காலம் முழுக்க ஃபோர் ஹையிலேயே ஓட்டிவிட்டு "ஸ்டீரிங் இறுக்கமா இருக்கு, அடியில டக்குனு சத்தம் வருது" என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று ஃபோர் லோ. குடும்பஸ்தர்கள் பணம் கொடுப்பது இதற்காகத்தான் இருக்க வேண்டும் என்பேன். ஃபோர் லோவில் போட்டால் அதே இன்ஜின் வேகத்தில் சக்கரம் சுற்றும் வேகம் வண்டியைப் பொறுத்து இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு குறைகிறது. ஏற்றத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் நிதானமாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் அது செய்யும் வேலை அதைவிடப் பெரியது. பின்னால் இரண்டு குழந்தைகள், டிக்கி நிறைய சாமான், கீழே ஈரமண் சரிவு. அங்கே பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் நின்று வண்டி வழுக்கும். ஃபோர் லோவில் முதல் கியரில் விட்டு, பிரேக், ஆக்சிலரேட்டர் எதையும் தொடாமல் இருந்தால் இன்ஜினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கும். ஸ்டீரிங் உங்கள் சொல்பேச்சு கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏலகிரி மாதிரித் தார் ரோடு இறக்கத்தில் ஃபோர் லோவைத் தொடக் கூடாது. அங்கே டூ வீலிலேயே, ஏறும்போது போட்ட அதே இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கடைசி வளைவுகளுக்கு வரும்போது பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களும் கையால் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்பதற்காக வண்டி சீக்கிரம் நிற்காது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது.

ஷோரூமில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பார்வைக்கு ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஃபோர் பை ஃபோர் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து தாரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் விற்கிறார்கள். 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் பெட்ரோல் வண்டி எல்லாமே டூ வீல்தான். ஃபோர் பை ஃபோர் டீசலில், அதிலும் சில வேரியன்ட்களில் மட்டும். ஸ்கார்ப்பியோ-N வண்டியிலும் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டுமே. ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. கிராண்ட் விட்டாரா மாதிரியான வண்டிகளில் வரும் ஆல் வீல் டிரைவ் வேறு வகை. சக்கரம் வழுக்கும்போது தானாகவே எல்லாச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும். ஈர ரோட்டுக்கு அருமை, ஆனால் ஃபோர் லோ கிடையாது. புக்கிங் பேப்பரில் வேரியன்ட் பெயரோடு ஃபோர் பை ஃபோர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது பின் சீட். என் கருத்தில் ஒரு குடும்பத்துக்கான தேர்வு இங்கேதான் முடிவாகிறது. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி மனைவியோடு வந்தார். இரண்டு குழந்தைகள். மூன்று கதவு தார்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். "அம்மா உங்களோட வருவாங்களா, தம்பி?" என்று கேட்டேன். "அவங்க இல்லாம எங்கண்ணா, சின்னவன் அவங்ககிட்டதான் தூங்குவான்" என்றார். மூன்று கதவு தாரிலும் ஜிம்னியிலும் நாலே பேருக்குத்தான் சீட்டும் பெல்ட்டும். ஐந்தாவது ஆள் என்றால் ஒரு குழந்தை மடியில். மடியில் உட்கார்ந்த குழந்தையை மோதலின்போது யாராலும் கையால் பிடித்து வைக்க முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

அதனால் ஷோரூமுக்குக் குழந்தைகளையும் சைல்டு சீட்டையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று கதவு வண்டியில் முன் சீட்டை மடக்கி, தூங்கும் குழந்தையைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிப் பாருங்கள். மழையில் நின்றுகொண்டு செய்வதாக நினைத்துச் செய்து பாருங்கள். பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு குர்கா மாதிரி உயரமான வண்டி பெரிய கஷ்டம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் பின் சீட்டுக்கு ஏசி காற்று வருகிறதா என்பதும் முக்கியம். ஜிம்னியில் பின்னால் ஏசி துவாரம் கிடையாது. பழைய ஜீப்களிலும் பொலிரோவிலும் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கவே வேண்டாம்.

மோதல் சோதனை முடிவுகளில் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். குளோபல் என்கேப் சோதனையில் மூன்று கதவு தார் 2020-ல் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாலு நட்சத்திரம் வாங்கியது. ஸ்கார்ப்பியோ-N பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு மூன்று. தார் ராக்ஸ் 2024-ல் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையில் இரண்டிலும் ஐந்து. இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எடை. கம்பெனி சொல்லும் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஐந்து கதவு ஜிம்னிக்கு மொத்தம் 1545 கிலோ, வெறும் வண்டி 1200 கிலோவை ஒட்டி. மிச்சம் 340 கிலோ சொச்சம். பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர், சைல்டு சீட்கள் என்று 200 கிலோ போய்விடும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு என்றால் 40 கிலோ. அப்புறம் டென்ட், மெத்தை, அடுப்பு, அரிசி பருப்பு, ஐஸ் பெட்டி. இதற்கு மேல் கூரையில் கேரியர் போட்டு 50, 60 கிலோ டென்ட் கட்டினால் கணக்கு முடிந்தது. கூரை எடைக்கென்று தனி வரம்பு உண்டு, வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். உச்சியில் எடை ஏற ஏற, சாய்ந்த பாதையில் வண்டி புரளும் ஆபத்து கூடுகிறது. தண்ணீர் கேனையும் கனமான சாமானையும் கீழே, பின் சீட்டு முதுகை ஒட்டி வைத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத கேஸ் அடுப்பு சடன் பிரேக்கில் குழந்தையின் தலைக்குத்தான் வரும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாலே பேர், சாமான் குறைவு, பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம் என்றால் ஜிம்னி போதுமானது, ஓட்டவும் எளிது. பாட்டியோடு ஐந்து பேர் என்றால் நான் ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோர் பக்கம் சாய்வேன். ஸ்கார்ப்பியோ-N வண்டியில் மூன்றாவது வரிசையை விரித்தால் டிக்கியே இருக்காது, மடக்கி வைத்தால் நல்ல குடும்ப வண்டி. குர்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் அமைப்பு) லாக் உண்டு. அது கரடுமுரடான காட்டுப்பாதைக்கான சாமர்த்தியம், பள்ளிக்கூடம் விடவும் மார்க்கெட் போகவும் அதே வண்டி என்றால் யோசியுங்கள்.

வண்டி வாங்கிய கையோடு லட்சக்கணக்கில் ஆக்சஸரி போடுகிறார்கள். முன்னால் இரும்பு பம்பர் வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை செய்தது. மோதும்போது ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் அது கெடுக்கக்கூடும். கூரையில் வரிசையாக எல்இடி விளக்கும் வேண்டாம். எதிரே பைக்கில் வருகிறவருக்குக் கண் கூசி ரோடே தெரியாது. காவலூர் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. அந்த மலையின் இருட்டை நம்பித்தான் அதை அங்கே வைத்தார்கள். குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்டப் போகிறவர்கள் அந்த இருட்டைக் கெடுக்காமல் இருப்பது நல்லது. அந்தப் பணத்தில் ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஃபோர் பை ஃபோரில் டயர் அளவும் தேய்மானமும் வித்தியாசப்பட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கேடு. கையடக்க கம்ப்ரசரும் காற்றழுத்த மீட்டரும் கட்டாயம். மணலில் காற்றை 18, 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் சிக்கிய வண்டிகள் பலவும் தானே வெளியே வரும். தார் ரோட்டுக்கு வந்ததும் பழையபடி ஏற்றிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தார் 650 மில்லிமீட்டர், குர்கா 700 மில்லிமீட்டர் ஆழம் கடக்கும் என்பது தேங்கிய தண்ணீருக்கான கணக்கு. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரிய எஸ்யூவியையும் அடித்துக்கொண்டு போகும். 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் காட்டாறும் மலையில் பெய்த மழைக்கு அரை மணியில் நிறையும். குழந்தைகள் வண்டியில் இருக்கும்போது தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள். ஆற்றுப் படுகையில் டென்ட் போடவே கூடாது.

தங்கும் இடத்தில் இரண்டு விஷயங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரில் நியூட்ரல் உள்ள வண்டியில் அது நியூட்ரலுக்கு வந்துவிட்டால், கியர் போட்டிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் இருந்தாலும் வண்டி உருளும். கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. ஆகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை எடுத்து, குழந்தைகளை டிரைவர் சீட்டில் விளையாட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டென்ட்டைச் சரிவில் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் போடாதீர்கள். இரண்டாவது, இன்ஜினை ஓட விட்டு ஏசி போட்டு வண்டிக்குள் தூங்குவது. சைலன்சரில் எங்காவது கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனையும் நிறமும் இல்லாத வாயு, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். டென்ட்டுக்குள் கரி அடுப்பு வைப்பதும் அதே ஆபத்துதான்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இன்னும் இறுகின. வனத்துறையில் கேட்டுவிட்டுப் போங்கள், அல்லது பட்டா நிலத்தில் நடக்கும் முகாம்களில் தங்குங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மேல் பெயின்ட்டைப் பார்க்காமல் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் தடம் இருந்தால் அடிபட்ட வண்டியாக இருக்கலாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருப்பது ஆகியவை தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு அடையாளம். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடுங்கள், அசெம்பிள் பண்ணிய ஜீப்களில் இரண்டும் பொருந்தாது. ஓட்டிப் பார்க்கும்போது மண் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்காக அந்த லீவரைத் தொடாமலே ஓட்டியிருப்பார்கள், இறுகிப் போயிருக்கும். புது வண்டியானாலும் மாதம் ஒரு முறை மண் ரோட்டில் கொஞ்ச தூரம் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். முன் ஆக்சிலிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் பரவி, தேவைப்படும் நாளில் லீவர் சட்டென்று விழும்.