கண்டெடுத்த பொருளைத் துலக்காதீர்கள்

திருகோணமலையில் கிணறு வெட்டுபவரும் அத்திவாரம் தோண்டுபவரும் சுழியோடிகளும் ஆய்வாளர்களுக்கு முன்பாகவே வரலாற்றைத் தொட்டுவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டில் கோணேசர் கோயிலுக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த வேளையில் அவை புதைத்துக் காக்கப்பட்டவை என்று கருதப்படுகிறது. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது சுழியோடி நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில், கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள்.

நூதனசாலைச் சேகரிப்புகளைப் பேணும் பணியில் இருக்கும் எனக்கு மிகுந்த கவலை தருவது, இத்தகைய பொருள்கள் துலக்கப்பட்டுப் பளபளப்பாக வந்து சேர்வதுதான். செம்பைப் புளியிட்டு விளக்குவது நம் வீட்டு வழக்கம். பூசைப் பாத்திரத்துக்கு அது பொருந்தும். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த படிமத்தின் மேல் இறுகிய பச்சையும் பழுப்பும் கலந்த படலம் உலோகத்துக்குக் காப்பாகவும், அது கிடந்த சூழலுக்குச் சான்றாகவும் இருப்பதால், புளியின் அமிலம் இரண்டையும் ஒருசேரக் கரைத்துவிடுகிறது. வெளிர்பச்சை நிறத்தில் மாவாக உதிரும் புள்ளிகள் மட்டும் நோயின் அறிகுறி. கடலோர மண்ணின் உப்பிலிருந்து ஏறிய குளோரைட்டு, ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் செம்பை அரித்து மீண்டும் குளோரைட்டையே தருகிறது. அப்பொருளை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் உலர்வாக வைத்து, உரியவர்களை அழைக்க வேண்டும்.

கடலடியில் கிடந்த இரும்புப் பீரங்கிக் குண்டுக்கு விதி நேர்மாறானது. காயவிட்டால் உள்ளே ஊறிய உப்பு பளிங்காகி, இரும்பு பாளம் பாளமாக வெடித்து உதிரும். எடுக்காமல் இடத்தைக் குறித்துச் சொல்வதே நல்லது. எடுத்தாயிற்றென்றால், நீரில் மூழ்கிய நிலையிலேயே வைத்திருங்கள். நீண்டு கூரான குண்டாக இருந்தால், அது வெடிக்காத போர்க் குண்டாக இருக்கக்கூடும் என்பதால், தொடவே கூடாது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம் இது என்பதை மறக்கலாகாது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கொள்கிறது. கண்டெடுத்தவர் தொல்லியல் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடன் அறிவிக்க வேண்டும். ‘மூதூர்ப் பக்கம் எங்கோ கிடைத்தது’ என்ற ஒற்றை வரியோடு வரும் நாணயத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமே தவிர, அதைக்கொண்டு வணிகத்தைப் பற்றியோ குடியிருப்பைப் பற்றியோ எதையும் நிறுவ முடியாது. எந்தக் காணி, எவ்வளவு ஆழம், அருகில் ஓடோ எலும்போ இருந்ததா என்பதையும், அசைக்கும் முன் எடுத்த ஒரு கைத்தொலைபேசிப் படத்தையும் சேர்த்துத் தந்தால் போதும்.

வீட்டிலுள்ள ஏடுகளையும் பழைய கடதாசிகளையும் லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமின்றிப் பிரிக்க இயலாது. புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.