‘அதீத புத்தர்’: பொருளும் தமிழ் வழக்கும்

திருகோணமலையில் சிங்களமும் தமிழும் அருகருகே புழங்குவதால், பௌத்தச் சொற்கள் எழுத்து மட்டும் மாறித் தமிழுக்குள் வந்துவிடுவது எளிது. அவ்வாறு வந்தால் பொருள் பிறழும் சொல் ‘அதீத புத்தர்’. பாளியிலும் வடமொழியிலும் ‘அதீத’ என்பது ‘கடந்து சென்ற’ எனப் பொருள்படும். தமிழிலோ ‘அதீத ஆசை’, ‘அதீத வெப்பம்’ என அளவு மீறியதையே அது சுட்டுகிறது.

கௌதமருக்கு முன் வெவ்வேறு காலங்களில் தோன்றி, மறைந்துபோன அறத்தைத் தாமே உணர்ந்து மீண்டும் உரைத்தவர்களே இச்சொல்லால் குறிக்கப்படுபவர்கள். மகாபதான சுத்தம் என்னும் பாளிச் சூத்திரம் விபஸ்ஸி முதல் கஸ்ஸபர் வரை அறுவரைக் கூறுகிறது. புத்தவம்சம் என்னும் பாளிச் செய்யுள் நூல் தீபங்கரர் தொடங்கி 24 பேரின் வரலாற்றைப் பாடுகிறது. அவ்வாழ்க்கைகளின் போக்கு பெரிதும் ஒன்றே. குலம், ஆயுள், அடியில் அமர்ந்து மெய்யுணர்ந்த மரம் போன்றவையே வேறுபடும். விபஸ்ஸிக்குப் பாதிரி, ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, கஸ்ஸபருக்கு ஆல், கௌதமருக்கு அரசு. இவர்களைக் கௌதமரின் முற்பிறவிகள் எனக் கொள்வது தவறு. தீபங்கரர் வாழ்ந்த காலத்தில், பின்னாளில் கௌதமராகப் பிறக்கவிருந்தவர் சுமேதர் என்னும் தவசியாக இருந்தார் என்பதே மரபு. இவர்களைப் பற்றிய நம்பிக்கையும் பழமையானது: நேபாளத்து நிகாலி சாகரில் உள்ள தூண், கோணாகமனரின் தூபியை அசோகர் முடிசூடிய 14ஆம் ஆண்டில் இருமடங்காகப் பெருப்பித்ததைச் சொல்கிறது.

தமிழுக்கும் இது புதிதன்று. புத்தவம்சத்துக்கு உரை வகுத்த புத்ததத்தர் சோழநாட்டவர். திருகோணமலையை அடுத்த பெரியகுளத்து வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழர் கொடைகளைத் தமிழிலேயே பொறித்து வைத்திருக்கிறது. மணிமேகலை ‘இறந்த காலத்து எண்ணில் புத்தர்களும்’ என்கிறது. ‘இறத்தல்’ என்பதற்குப் பழந்தமிழில் கடத்தல் என்றே பொருள் என்பதால், ‘அதீத’ என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆயினும் இன்று ‘இறந்த புத்தர்’ என்று எழுதினால் சாவே முன்னிற்கும். ஆகவே ‘முற்பிறவி’ போல ‘முற்புத்தர்’ என்பதே தகுந்த வழக்கு என்று கருதுகிறேன்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். இலங்கையில் ‘அட்டவிசி’ எனப்படும் 28 பேரில் தீபங்கரருக்கு முந்திய மூவரோடு கௌதமரும் அடங்குவர். அதனைத் தமிழில் ‘இருபத்தெட்டுப் புத்தர்’ எனலாம். முற்புத்தர் என்று எழுதும்போது 27 பேர்தான்.