ஜன்னலோரம் ஒரு நாற்காலி: வீட்டுப் பெரியவர்களைப் படமெடுப்பது பற்றி

ஸ்டுடியோவைத் திறக்கும் முன்பே வாசலில் ஒருவர் காத்து நின்றால், அவர் பெரும்பாலும் துக்க வீட்டிலிருந்து வந்தவராக இருப்பார். கையில் இறந்தவரின் ஆதார் அட்டையோ, கல்யாண ஆல்பத்திலிருந்து உருவியெடுத்த குரூப் போட்டோவோ இருக்கும். அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, மதியத்துக்குள் மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்கித் தர வேண்டும் என்பார். தபால்தலை அளவுள்ள படத்தைப் பெரிதாக்கினால் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டுகள்தான் மிஞ்சும். குரூப் போட்டோவிலோ பக்கத்தில் நின்றவரின் தோள் காதை மறைத்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். இந்த வீட்டில் யாராவது ஒருவர், ஏதாவது ஒரு காலையில் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

உயிரோடிருப்பவரை அப்படியொரு படத்துக்காக உட்காரச் சொல்வது அபசகுனம் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லி உட்கார வைக்கத் தேவையில்லை. பொங்கலன்று புதுத்துணி உடுத்தியிருக்கும்போதோ, பேரப்பிள்ளையின் பிறந்தநாளன்றோ எடுக்கலாம். விலையுயர்ந்த கேமராவும் வேண்டியதில்லை. நல்ல ஜன்னலும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்.

பெரியவர்களின் முகத்தை முதலில் கெடுப்பது ஃபிளாஷ்தான். அது சிறிய விளக்கு. நேர் எதிரிலிருந்து அடிப்பதால் மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றின் மேடுபள்ளம் தெரியாமல் முகம் தட்டையாகிறது, நெற்றியில் வியர்வை மினுங்குகிறது. கூரையிலுள்ள டியூப்லைட்டோ வேறு வகையில் கெடுக்கும். வயதானவர்களின் கண்கள் சற்று உள்வாங்கியிருப்பதால், மேலிருந்து விழும் ஒளியில் புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடுகிறது. ஆகவே இரண்டையும் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலுக்கு மூன்று நான்கு அடி தள்ளி அவரை உட்கார வையுங்கள். ஒளி வரும் பரப்பு பெரிதாகவும் அருகிலும் இருந்தால், அது பல திசைகளிலிருந்து வந்து சுருக்கங்களுக்குள்ளும் புகுந்து நிழலைக் குறைக்கும். அதே ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிப்போனால் அது சின்ன விளக்கைப்போல நடந்துகொண்டு, ஒவ்வொரு கோட்டையும் ஆழமாக்கிக் காட்டும். வெயில் நேராக விழுந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிடலாம்.

முகம் ஜன்னலை முழுமையாகப் பார்க்கவும் கூடாது, முழுமையாக விலகவும் கூடாது, பாதியளவு திரும்பியிருக்கட்டும். இரண்டு கண்களிலும் ஜன்னலின் சிறிய வெளிச்சப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுப் போய்விடும். நிழல் விழும் கன்னம் மிகவும் இருண்டிருந்தால், அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரா தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருக்கும் மாநிறத்தவரின் முகம் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்து விழுகிறது. பிழை கேமராவின் கணக்கில் இருக்க, நம் மக்களோ பழியை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு பவுடரை அப்புகிறார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, முகத்துக்குத் தேவையான அளவு வெளிச்சத்தைக் கூட்டினாலே போதும். கறுத்த தோலில் ஒளி மென்மையாகப் பட்டுத் திரும்பும் பளபளப்புதான் முகத்தின் வடிவத்தையே காட்டுகிறது, அதை மறைக்காதீர்கள்.

ஒருமுறை, இறந்துபோன விவசாயி ஒருவரின் மகன் “அப்பா கொஞ்சம் கலராத் தெரியட்டும்” என்று கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, கணினியில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தேன். மறுநாள் அவருடைய தாயார் அந்தப் படத்தோடு வந்து, “இது யாரு தம்பி? எங்க வீட்டுக்காரரைக் குடு” என்றார். அசலைத் திறந்து மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். நான் செய்த அந்தத் தவறுக்குப் பிறகு, யார் கேட்டாலும் தோலின் நிறத்தில் கைவைப்பதில்லை.

அடுத்தது தூரம். அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 12 அங்குலத் தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கு முகத்தோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. 5 அடித் தூரத்தில் அந்தக் கோளாறு கிட்டத்தட்ட இல்லை. எனவே ஐந்தாறு அடி தள்ளி நின்று, கைபேசியில் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் (2x) லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கேமரா அவருடைய கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து எடுத்தால் அவர் ஒடுங்கித் தெரிவார். நீங்களும் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தலைக்குப் பின்னால் காலண்டரோ சுவிட்சுப் பலகையோ வேண்டாம். தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள். ஃபிரேமின் விளிம்பு கொஞ்சம் தின்றுவிடும், பிற்காலத்தில் பக்கங்களில் பூவும் தொங்கும். தினமும் கண்ணாடி அணிபவர் அதோடுதான் இருக்க வேண்டும். ஜன்னல் அதில் பளிச்சிட்டால் கண்ணாடிக் காம்புகளைக் காதுக்கு மேலே சற்றுத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். பல்செட், திருநீறு, மூக்குத்தி எல்லாம் வழக்கம்போலவே இருக்கட்டும்.

“சிரிங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன அடுத்த நொடி முகம் இறுகிவிடும். அவருக்குப் பிடித்த பேரனைக் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் எடுத்துக்கொண்டே இருங்கள். பேசி முடித்துப் பெருமூச்சு விடும் இடத்தில்தான் நல்ல படங்கள் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். 12க்கு 18 அங்குல அளவில் துல்லியமாக அச்சிட 3600க்கு 5400 பிக்சல்கள் இருப்பது நல்லது.

எந்தப் படத்தை அச்சிடுவது என்று முடிவுசெய்யும் முன் அவரிடமே காட்டுங்கள். சென்ற மாதம் ஒரு பாட்டிக்கு, அவர் நேராகக் கேமராவைப் பார்த்திருந்த படத்தைத்தான் நான் தேர்ந்து வைத்திருந்தேன். அதைத் தள்ளிவிட்டு அவர் எடுத்துக்கொண்டது, பேச்சுக்கு நடுவில் ஜன்னல் வழியாகத் தொழுவத்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த படத்தை.