மியூசியத்துல ஏன் இப்படி மங்கலா லைட் போடுதாங்க?

நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறி ஒரு யூனிவர்சிட்டி மியூசியத்துல பழைய ஓவியக் கண்காட்சி பாக்கப் போயிருந்தோம், உள்ள நுழைஞ்சதுமே சித்தி கேட்டாங்க, "என்ன மக்கா, கரண்ட் இல்லியா?"

கரண்ட் இருந்துச்சு, வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. காரணம் தெரிஞ்சப்புறம் எனக்கு அந்த மங்கல் வெளிச்சத்து மேலயே ஒரு மரியாதை வந்துட்டு.

வெள்ளை வேட்டில மீன்கறி கொட்டிட்டா வீட்ல என்ன செய்வாங்க? சோப்பு போட்டா கறை செவந்து இன்னும் பயமுறுத்தும், ஆனா அலசிட்டு நல்ல வெயில்ல கொடில போட்டா சாயங்காலத்துக்குள்ள மஞ்சள் பெரும்பாலும் போயிரும். மஞ்சளுக்கு நிறம் குடுக்குறது குர்குமின்ங்கிற மூலக்கூறு. எந்தச் சாயமும் நிறமா தெரியணும்னா வெளிச்சத்துல ஒரு பங்கை உறிஞ்சியாகணும், அப்படி உறிஞ்சின ஆற்றலே சில நேரம் மூலக்கூறோட பிணைப்பை ஒடச்சிரும், ஒடஞ்சா நிறம் போச்சு. புற ஊதாவுக்கும் நீல ஒளிக்கும் ஆற்றல் ஜாஸ்தி, அதான் வெயில் அவ்வளவு வேகமா வெளுக்க வைக்குது. வேட்டிக்கு நல்லது, 200 வருஷத்து நீர்வண்ண ஓவியத்துக்கு அதேதான் எமன்.

லைட்டை அணைச்சா வெளுக்குறது நிக்கும், ஆனா போன நிறம் திரும்பாது, அடுத்த தடவை லைட் போட்டா விட்ட இடத்துல இருந்து கணக்கு ஏறும். அதனால மியூசியக்காரங்க லக்ஸ்-மணின்னு ஒரு கணக்கு வச்சுப் பாக்காங்க. லக்ஸ்ங்கிறது ஒரு பரப்புல விழுற வெளிச்சத்தோட அளவு, அதை எத்தனை மணி நேரம் விழுதோ அதால பெருக்குனா லக்ஸ்-மணி. காகிதம், துணி, நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியம்னா 200 வரை, இதுதான் பொதுவா வச்சிருக்க அளவு. 50 லக்ஸ்ல தினம் 8 மணி நேரம், 90 நாள் காட்சின்னா மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. நம்ம ஊர் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும், அதுல 22 நிமிஷம் வச்சாலே அதே கணக்கு வந்துரும்! மூணு மாசக் கண்காட்சியும், வெயில்ல நின்னு டீ குடிச்சுட்டு கதை பேசுத நேரமும் ஒண்ணு. புற ஊதாவும் சேருததுனால வெயில்ல சேதம் இன்னும் கூடுதல். அதான் கொஞ்ச மாசத்துல ஒரு படத்தை எடுத்து இருட்டுப் பெட்டில வச்சுட்டு வேற படத்தை மாட்டுதாங்க.

எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நீலச் சாயம் ஏத்தின 8 கம்பளித் துண்டு ஒட்டின சின்ன அட்டை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல வெளுக்கும், பாதியை மூடி பொருள் பக்கத்துல வச்சுட்டு அப்பப்ப மூடின பாதியோட ஒத்துப் பாத்தா தெரிஞ்சிரும்.

எல்லா நிறமும் இப்படி இல்ல. பத்மநாபபுரம் அரண்மனை சுவரோவியம் மாதிரி கேரளப் பாணி ஓவியத்துல வர்ற காவி நிறம் மண்ணுல இருந்து எடுத்தது, அது இரும்புத் துரு மாதிரி பொருள், வெளிச்சம் அதை லேசுல அசைக்காது. அதுக்கு எதிரி ஈரமும் சுவர்ல பூக்குற உப்பும், அதுவும் ரெண்டு பருவமழையும் வாங்குத நம்ம மாவட்டத்துல. ஏட்டுச்சுவடில தேய்ச்ச கரியும் வெளுக்காது, ஆனா ஓலை நொறுங்கிரும்.

சரி, 50 லக்ஸ்ல கண்ணு தெரியுமா? தெரியும், பழகணும். வெளிச்சத்துல இருந்து வந்த கண்ணு இருட்டுக்குப் பழக சில நிமிஷம் ஆகும், அதுக்காகவே சில இடத்துல நடைபாதையில வெளிச்சத்தைப் பைய பைய கொறச்சுட்டு வருவாங்க. அன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா சித்தி ஒரு சின்னப் படத்துக்கு முன்னால நிக்காங்க, படத்துல இருக்க பொண்ணு கழுத்து மாலையில முத்தை ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு.