சுருங்க மறுக்கும் தண்ணீர்

முதன்முதலாகச் செய்த ரயில் டியோரமாவில், அதாவது ஒரு ரயில் காட்சியின் சிறு மாதிரியில், ஓடைக்கு நிஜத் தண்ணீரையே ஊற்றிப் பார்த்தேன். பாலம், தண்டவாளம், கரையோரப் புல் எல்லாம் அசலில் 87-இல் ஒரு பங்காக, கணக்குப் பிசகாமல் இருந்தன. தண்ணீர் மட்டும் ஒட்டவில்லை. கரையைத் தொட்ட இடமெல்லாம் வளைந்து மேலே ஏறி நின்றது. பாலத்தூணைச் சுற்றிக் கண்ணாடி வளையல் மாட்டியது போல ஒரு விளிம்பு. அளந்து பார்த்தால் ஏற்றம் ஏறக்குறைய 3 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 26 செ.மீ. ஒரு சாணுக்கு மேல் கரையேறி வளைந்து நிற்கும் ஆறு எந்த ஊரிலும் இல்லை.

காரணம் பரப்பு இழுவிசை. நீர்ப்பரப்பை இழுத்துப் பிடிக்கும் அந்த விசையும் கீழே இழுக்கும் ஈர்ப்பும் சமபலத்தில் மோதுகிற நீளம் ஒன்று உண்டு. தண்ணீருக்கு அது சுமார் 2.7 மி.மீ. பெரிய ஆற்றில் அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. உள்ளங்கை அகல ஓடையில் அதுவே முழுக் காட்சியையும் ஆட்டிப்படைக்கிறது. பாலத்தை 87-இல் ஒரு பங்காக்கினேன். அந்த 2.7 மி.மீ.-ஐ என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டியோரமாக் கலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொருள்களை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். அவற்றை ஆளும் விதிகள் சிறிதாவதில்லை. எது நம்மோடு சேர்ந்து சுருங்கும், எது சுருங்காது என்று தெரிந்து, சுருங்காததற்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் கட்டுபவரின் வேலை. மாடல் போட்டியில் நடுவர் குனிந்து தேடுவதும் அந்த இடங்களைத்தான்.

டியோரமா என்பது ஓடும் ரயில் பாதை அல்ல. ஒரு சிற்றூர் நிலையம், ஒரு எஞ்சின் கொட்டகை, ஒரு பாலத்தடி என்று ஒரே இடத்தை, ஒரே நேரத்தில் உறையவைத்த காட்சி. மாடல் ரயிலில் உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெச்ஓ அளவு. அசலில் ஒரு அடி இங்கே 3.5 மி.மீ.; துல்லியமாகச் சொன்னால் 1:87.1. அசலில் 1435 மி.மீ. அகலமுள்ள பாதை இங்கே 16.5 மி.மீ. இன்னும் சிறியது ‘என்’ (N) எனப்படும் அளவு, 1:160, பாதை அகலம் 9 மி.மீ. அதற்கும் சிறியது 1:220 இஸட். இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் ஹெச்ஓவுக்கு.

முதல் கேள்வி: எவ்வளவு நுணுக்கம் வேண்டும்? நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. முப்பது செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.09 மி.மீ. அசலில் 8 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. அதாவது முப்பது செ.மீ. தள்ளி டியோரமாவைப் பார்ப்பது, அசல் நிலையத்தை 26 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் செங்கல்லும் செங்கல்லும் சேரும் சாந்துக் கோடு மங்கலாகத் தெரியும். ஆணித் தலை தெரியாது. எனவே மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆணி அடிப்பதைவிட, சாந்துக் கோட்டின் நிறத்தைச் சரியாகப் பிடிப்பது காட்சிக்குப் பலம்.

ஆனால் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும். 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய கூரை, அசலில் கிட்டத்தட்ட 9 செ.மீ. தடித்த பலகை. நெளித்தகரக் கூரையின் அசல் தடிமன் ஒரு மி.மீ.கூட இருக்காது. அதை அப்படியே சுருக்கினால் 0.01 மி.மீ. ஆகும், அதில் வேலை செய்யவே முடியாது. சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள் இங்கே கைகொடுக்கிறது. அதை நெளிவு வெட்டிய அச்சின் மேல் வைத்து மரக்குச்சியால் அழுத்தித் தேய்த்தால், விளிம்பில் கண்ணுக்குத் தடிமனே தெரியாத தகரம் கிடைக்கிறது. மூலை ஒன்றை விரலால் லேசாக மடக்கிவிட்டால் காற்று கிளப்பிய தகரம். தடித்த பொருளைத் தவிர்க்க முடியாத இடத்தில் அனுபவசாலிகள் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் சீவி மெலிதாக்குவார்கள். கண் தடிமனை அளப்பது விளிம்பில்தானே.

தண்டவாளத்திலும் இதே சிக்கல் உண்டு. கோட் 100 என்று விற்கும் தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், அசலுக்கு மாற்றினால் 22 செ.மீ. நிஜத்தில் கனரகப் பாதைகளிலேயே 17, 18 செ.மீ.தான். கிளைப்பாதை நிலையம் ஒன்றில் கோட் 100 போட்டால், ரயிலைத் தெரிந்தவர் கண்ணில் அது சட்டென்று உறுத்தும்.

ஜல்லிக்கு வருவோம். பாதையில் கொட்டும் கருங்கல் ஜல்லி அசலில் 25 முதல் 60 மி.மீ. வரை இருக்கும். சுருக்கினால் 0.3 முதல் 0.7 மி.மீ.; சலித்த மணல் போதும். குவித்துக் கொட்டிய மணலின் சரிவுக் கோணம் குவியல் எவ்வளவு பெரியது என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மலையடிவாரக் கற்குவியலும் மேசைமேல் கொட்டிய மணலும் முப்பத்து சொச்சம் டிகிரியில் சரிந்து நிற்கும். இயற்கை நமக்கு இலவசமாகச் சுருக்கிக் கொடுப்பது அபூர்வம். அதில் இது ஒன்று. ஆகவே மண்சரிவைக் கையால் செதுக்காதீர்கள். மேலிருந்து கொட்டுங்கள், தானாக நிற்கட்டும்.

கொட்டியதை ஒட்டும்போதுதான் பரப்பு இழுவிசை மறுபடி குறுக்கே வருகிறது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுமருந்துக் குழாயில் எடுத்து ஜல்லிமேல் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்காது. உருண்டு, தூசு மணலைப் போர்த்திக்கொண்டு, ஒரு குட்டிப் பந்தாக ஸ்லீப்பர் கட்டைமேல் உட்கார்ந்துவிடும். தொட்டால் தன்னோடு மணலையும் இழுத்துக்கொண்டு நகரும். அது போன வழியில் ஒரு பள்ளம் விழும். மெனக்கெட்டுச் சமன்செய்த பாதை நொடியில் கலைந்துபோகும். மருந்து எளியது: முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளிக்க வேண்டும், அல்லது பசையிலேயே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட வேண்டும். இழுவிசை குறைந்ததும் அதே சொட்டு விழுந்த மாத்திரத்தில் காணாமல் போகும். மணலின் நிறம் மட்டும் கருத்து, ஈரம் ஓரத்தை நோக்கிப் பரவுவது தெரியும். மணலின் நுண்ணிய இடைவெளிகள் பசையை உறிஞ்சிக்கொள்கின்றன. சற்று முன் நம்மை எதிர்த்த அதே நுண்புழை விசைதான் இப்போது நமக்காக உழைக்கிறது. இதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

புல்லை நடுவது மின்சாரம். 2 முதல் 6 மி.மீ. நீளமுள்ள நைலான் இழைகளைச் சல்லடை வாய் கொண்ட ஒரு கருவியில் போட்டு, பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் கொடுப்பார்கள். இன்னொரு முனையை ஈரப் பசையில் குத்திய ஆணியோடு இணைப்பார்கள். குலுக்கினால், மின்னேற்றம் பெற்ற இழைகள் மின்புலக் கோடுகளின் திசையில் திரும்பிக்கொண்டு, ஒன்றையொன்று விலக்கியபடி பாய்ந்து பசையில் செங்குத்தாக நிற்கும். 4 மி.மீ. இழை அசலில் முழங்கால் அளவுக்குச் சற்றுக் குறைந்த புல். ஒரே நீளத்தில், ஒரே பச்சையில் நட்டால் கம்பளம் விரித்ததுபோல் ஆகிவிடும். இரண்டு மூன்று நீளங்களையும் கொஞ்சம் காய்ந்த வைக்கோல் நிறத்தையும் கலப்பதில்தான் உயிர் வருகிறது.

மரங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அசலில் 20 மீட்டர் மரம் ஹெச்ஓவில் 23 செ.மீ. பெரும்பாலான டியோரமாக்களில் மரங்கள் அதில் பாதிகூட இருப்பதில்லை.

ஓடைக்குத் திரும்புவோம். தண்ணீருக்குப் பதில் ரெசின், அதாவது இறுகிக் கண்ணாடிபோல் ஆகும் பிசின், ஊற்றுகிறோம். அதுவும் திரவம்தான், இறுகுமுன் அதுவும் கரையேறும். அந்த விளிம்பைப் பளபளக்காத மேட் வார்னிஷ் பூசி, மண் தூவி மறைக்க வேண்டும். இறுகும்போது ரெசின் சூடாகும். ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் வெடிப்பும் குமிழியும் வரும் என்பதால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவதே நல்லது. இன்னொன்று: அசல் ஆழம் வெளிச்சத்தை விழுங்கும்; அரை செ.மீ. ரெசின் விழுங்காது. எனவே ஆழத்தை ஓடையின் தரையிலேயே வர்ணமாக எழுதிவிட வேண்டும்: நடுவில் கரும்பச்சை, கரையை நெருங்க நெருங்கச் சேற்றுப் பழுப்பு. அலைகளிலும் எச்சரிக்கை தேவை. முகட்டுக்கு முகடு 1.7 செ.மீ.-க்குக் குறைந்த நீளமுள்ள அலைகளை ஆள்வது ஈர்ப்பைவிட அதிகமாகப் பரப்பு இழுவிசை. ஹெச்ஓவில் அந்த நீளம் அசலின் ஒன்றரை மீட்டர் அலை. அதனால்தான் நிஜ நீரை ஊதிக் கிளப்பும் சிற்றலை ஒருபோதும் ஆற்றின் அலையாகத் தெரிவதில்லை. ஒளிபுகும் ஜெல்லைத் தூரிகையால் குத்திக் குத்திக் கையால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. நீர்வீழ்ச்சியை ஓடவிட நினைப்பவர்களுக்கும் இதே கதை. அசலில் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொட 1.4 நொடி ஆகும். மாடலில் 11.5 செ.மீ. விழ 0.15 நொடிதான். பார்ப்பவர் மூளை அந்த அவசரத்தை உடனே கண்டுகொள்கிறது. உறைந்த அருவியே நம்பும்படி இருக்கும்.

வெளிச்சமும் ஏமாற்றும். டியோரமா என்ற சொல்லே வெளிச்சத்தோடு பிறந்தது. 1822-இல் பாரிஸில் லூயி டாகேரும் சார்ல் பூட்டனும் திறந்த டியோரமா அரங்கில், ஒளிபுகும் மாபெரும் திரை ஓவியங்களின் முன்னும் பின்னும் வெளிச்சத்தை மாற்றி மாற்றி, பகல் இரவாவதைக் காட்டினார்கள். பார்வையாளர் இருந்த தளமே சுழன்று அடுத்த காட்சிக்குத் திரும்பும். 1839-இல் அந்த அரங்கு எரிந்துபோனது. அதே ஆண்டுதான் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

சூரியன் வானத்தில் பிடிக்கும் கோணம் அரை டிகிரிதான். அதனால் வெயிலின் நிழல் கூர்மையாக விழுகிறது, ஒன்றே ஒன்றாக விழுகிறது. போட்டி மண்டபத்தின் கூரையில் வரிசையாக விளக்குகள் எரியும்போது ஒரு சிக்னல் கம்பத்துக்கு நாலைந்து நிழல்கள். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். சொந்தமாக ஒரு விளக்குப் பெட்டி அமைத்து, ஒரு திசையிலிருந்து மட்டும் ஒளி கொடுப்பவர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுகிறார்கள். நிறமும் விளக்குக்கு விளக்கு மாறும்: வீட்டு எல்இடியில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பச்சைகள் மண்டபத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எந்த வெளிச்சத்தில் காட்டப்போகிறோமோ அந்த வெளிச்சத்திலேயே வர்ணம் அடிப்பதுதான் வழி.

தூரத்தைக் காட்ட, முன்னால் ஹெச்ஓ, பின்னால் ‘என்’ (N) அளவு என்று வைப்பது பழைய உத்தி. பின்னால் உள்ள வீடு இருக்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி இருப்பதாகத் தோன்றும். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் கோரி அண்ட் டிஃபீட்டட் என்ற மாடல் மலை ரயில்பாதையைக் கட்டிய ஜான் ஆலன், இப்படித் தூரத்தைக் காட்டுவதிலும், துரு, அழுக்கு, மழைக்கறை என்று மாடல்களை முதுமைப்படுத்துவதிலும் முன்னோடி. அவர் புகைப்படக் கலைஞர். ஒற்றைக் கண்ணுள்ள கேமரா எங்கே ஏமாறும் என்று அவருக்குத் தெரியும். 1973-இல் அவர் இறந்த சில நாட்களில் அந்தப் பாதை தீயில் அழிந்தது. மனிதருக்கு இரண்டு கண்கள், நடுவே 6.5 செ.மீ. இடைவெளி. ஹெச்ஓ உலகத்தில் அது ஐந்தரை மீட்டருக்கு மேல். நாம் அந்த உலகத்தை ஒரு ராட்சதனின் கண்களால் பார்க்கிறோம்; அதனால்தான் அது பொம்மையாகத் தெரிகிறது. கட்டிடங்களாலோ பாறையாலோ இருபுறமும் மறைத்து, பார்வையாளர் நிற்கும் இடத்தைக் குறுக்கிவிட்டால் இந்த உத்தி நிற்கும். தலையைப் பக்கவாட்டில் அசைக்க இடம் கொடுத்தால் குலைந்துவிடும்.

இத்தனையையும் மதிப்பெண்ணாக மாற்றுவது எப்படி? 1935-இல் மில்வாக்கியில் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம், என்எம்ஆர்ஏ, மாடல்களுக்கு 125 மதிப்பெண் வைத்திருக்கிறது. கட்டுமானத்துக்கு 40, நுணுக்கத்துக்கு 20, அசலோடு பொருந்துவதற்கு 25, வர்ணம் எழுத்து பூச்சுக்கு 25, தயார் பாகங்கள் அடங்கிய கிட் வாங்காமல் அடியிலிருந்து சொந்தமாகச் செய்ததற்கு 15. அவர்களுடைய சாதனைத் திட்டத்தில் 87½ எடுத்தால் தகுதிச் சான்று. இதில் எனக்குப் பிடித்தது, அந்தச் சான்றுக்குப் பக்கத்து மேசைக்காரரோடு போட்டி கிடையாது. எல்லாரும் அந்த 87½-ஐத்தான் தாண்ட வேண்டும். ஒரே நாளில் பத்துப் பேர் எடுக்கலாம், ஒருவருமே எடுக்காமலும் போகலாம்.

கட்டுமானத்தில் சுத்தம் மட்டுமல்ல, சிக்கலும் கணக்கில் வரும். நாலு சுவர்ச் சாய்ப்பை அப்பழுக்கில்லாமல் கட்டினாலும் 40-க்கு 40 கிடைக்காது. பொருத்தம் என்ற தலைப்பில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். 1920-களின் காட்சியாக அமைத்த நிலையத்துக்கு வெளியே 1950-களின் கார். தண்ணீர்த் தொட்டியின் குழாய் எஞ்சினுக்கு எட்டாத உயரத்தில். கீழிருந்து மேலாக வழியும் துரு. இவை அழகுக் குறைகள் அல்ல, காரணகாரியக் குறைகள். மழை எங்கே விழுந்து எங்கே வழிந்தது, நிலக்கரித் தூள் எங்கே சிந்தியது என்று கட்டியவர் யோசித்தாரா என்பது ஒரு கறையிலேயே தெரிந்துவிடும். அடியிலிருந்து செய்ததற்குப் படமும் குறிப்பும் வைக்காவிட்டால் நடுவருக்குத் தெரிய வழியில்லை. கூரைக்கு அடியில் ஒளிந்திருக்கும் உத்தரங்களைக் கட்டும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவரின் கண்ணும் மனிதக் கண்தான். அபாரமான ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால் அது உள்ளதைவிடச் சுமாராகத் தோன்றும். மின்னும் விளக்கொளி ஒன்று மனதைக் கவர்ந்துவிட்டால், சம்பந்தமில்லாத தலைப்பிலும் பேனா தாராளமாக ஓடும். செய்தவர் பெயரை மறைப்பது, பலர் தனித்தனியாக மதிப்பிடுவது, ஒரு தலைப்பை எல்லாப் படைப்புகளுக்கும் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவது ஆகியவை இதைக் குறைக்கும். மொத்த மதிப்பெண்ணை மனதில் முதலில் முடிவுசெய்துகொண்டு தலைப்புகளைப் பின்னால் நிரப்பும் நடுவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கட்டியவருக்குச் செய்யும் அநீதி. எந்த இடத்தில் தவறினோம் என்ற தகவல் அவருக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

படைப்பைக் கொண்டுபோய் வைக்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஹெச்ஓ மனிதரின் கண் தரையிலிருந்து 18 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வருமாறு நடைமேடை ஓரத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாதவை வரிசையாக வந்து நிற்கும்: ஒரு பாதம் தரையைத் தொடாமல் மிதக்கும் பயணி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒளி நுழையும் கீற்று, தண்டவாளத்தின் தலையில் ஒட்டிக்கொண்ட ஒற்றை ஜல்லி. அந்த ஜல்லியை ஊசிமுனையால் எடுத்துவிட்டு, சுவரோரம் கொஞ்சம் மண் தூவி, மறுபடி ஒரு படம் எடுங்கள்.