பூட்: துவக்கா, தொடக்கமா, கிளம்பலா?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பரின் அப்பாவுக்குப் போன மாதம் தொலைபேசியிலேயே கணினி வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து அப்படியே நின்றுவிடுகிறது. தமிழில் இருந்தால் அவருக்கு வசதியாக இருக்குமே என்று, இணையத்தில் கிடைத்த ஒரு தமிழ் வழிகாட்டியை அனுப்பி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "தம்பி, என்ன இது, வரிக்கு வரி துவக்கு எண்டு எழுதிக் கிடக்கு?"

ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. போர்க்காலம் முழுவதும் அங்கேயே இருந்தவர் அவர். அவர் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. வழிகாட்டியைத் திறந்து பார்த்தேன். 'மறுதுவக்கம் செய்து சரியான துவக்கு சாதனத்தைத் தேர்ந்தெடுக்கவும் அல்லது தேர்ந்தெடுத்த துவக்கு சாதனத்தில் துவக்கு ஊடகத்தைச் செருகி ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.' மின்சாரம் வந்ததும் கணினி தன் நிரல்களை ஏற்றிக்கொண்டு எழுவதை ஆங்கிலத்தில் பூட் என்பார்கள். இதன் ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் நான்கு இடத்தில் வருகிறது என்பதற்காக, நான்கு இடத்திலும் துவக்கை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே பக்கத்தில் கணினிக்கு மின்சாரம் கொடுப்பதும் துவக்கு, ஒரு செயலியைத் திறப்பதும் துவக்கு. கணினி எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதை அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவராலும் சொல்ல முடியாது.

இந்தச் சொல்லை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பூட் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பூட்ஸ்டிராப் என்பதன் குறுக்கம். உயரமான தோல் காலணியின் மேல்விளிம்பில், விரலை நுழைத்து இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு வார்வளையம் தைத்திருப்பார்கள். அதைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது, நடக்கவே நடக்காத காரியத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்கள் சொன்ன உவமை. அது கணினிப் பொறியாளர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற வேண்டுமானால் அதை ஏற்றிவிட இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொன்றை யார் ஏற்றுவது? ஐபிஎம் 1952இல் அறிவித்த 701 கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் துளை அட்டையிலிருந்து முதல் துணுக்கு மட்டும் உள்ளே வரும். அந்தத் துணுக்கு அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். அந்தக் கணினியைப் பற்றி 1953இல் வெளியான கட்டுரையிலேயே இதற்குப் பூட்ஸ்டிராப் முறை என்று பெயர் இருக்கிறது. அதே ஐபிஎம் 1964இல் சிஸ்டம் 360 வரிசையைக் கொண்டுவந்தபோது, உவமையை விட்டுவிட்டுத் 'தொடக்க நிரல் ஏற்றம்' என்று பொருள்படும் நேரான பெயரை வைத்துக்கொண்டது. உலகம் என்னவோ பூட்டைத்தான் பிடித்துக்கொண்டது.

இன்றைய கணினியிலும் கதை அதேதான். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகைச் சில்லில் உள்ள சிறு நிரல் விழிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சோதிக்கிறது. அப்புறம் வட்டைத் தேடுகிறது. பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் எடுத்து ஓட்டும். இப்போதைய யூஈஎஃப்ஐ முறையில் வட்டில் தனியாக ஒதுக்கிய பகுதியிலிருந்து ஒரு கோப்பை எடுக்கும். அது விண்டோஸ் போன்ற இயக்குதளத்தின் மைய நிரலான கருவை ஏற்ற, கரு மற்றதையெல்லாம் ஏற்றும். சின்னது பெரியதைத் தூக்க, பெரியது அதைவிடப் பெரியதைத் தூக்குகிறது. பூட்டுக்கு நாம் வைக்கும் தமிழ்ச்சொல்லில் இந்த மேலெழும் குணம் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், விசையைத் தட்டுவது வேறு, இது வேறு என்றாவது அது காட்ட வேண்டும்.

பூட் என்றே எழுதிவிட்டால் என்ன? ரிப்பேர் கடையில் எல்லாரும் "பூட் ஆகல" என்றுதான் சொல்கிறார்கள், பேச்சில் அது போதும். எழுத்தில் வந்தால் வம்பு. 'பூட்டாகவில்லை', 'பூட்டில் கோளாறு' என்று வேற்றுமை உருபு சேர்ந்ததுமே அது கதவுப் பூட்டாகிவிடுகிறது. கணினியிலும் கைபேசியிலும் திரைப்பூட்டு என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கணினி பூட்டிக்கொண்டது என்றால் கடவுச்சொல் கேட்கிறது என்று பொருள். கடன் வாங்கிய சொல்லும் வீட்டுச் சொல்லும் இப்படி முட்டிக்கொண்டால் படிப்பவருக்குத்தான் தலைவலி.

சரி, துவக்குக்கு வருகிறேன். துவங்கு, துவக்கம் என்பவை தொடங்கு, தொடக்கம் என்பவற்றின் திரிபு. வேர்க்குடும்பத்தைப் பார்த்தாலே இது தெரியும். கன்னடத்தில் தொடகு, மலையாளத்தில் துடங்ஙுக. இரண்டிலும் டகரம் உறுதியாக நிற்கிறது, வகரத்துக்கு வேலையே இல்லை. திருக்குறள் 491ஆம் குறள் 'தொடங்கற்க எவ்வினையும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. 'இடங்கண்ட பின்அல்லது' எந்த வினையையும் தொடங்காதே என்கிறது அந்தக் குறள். அதை இங்கே மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

துவக்கம் பழகிப்போன சொல்தானே, துவக்க விழா, துவக்கப் பள்ளி என்று ஊர் முழுக்க எழுதியிருக்கிறதே என்பார்கள். பழகியது உண்மைதான். ஆனால் அது அழைப்பிதழிலும் பலகையிலும் மேடையிலும் பழகிய சொல். வீட்டில் யாரும் "மழை துவங்கிருச்சு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. திரிந்த சொல் என்ற ஒரே காரணத்துக்காக நான் அதை எதிர்க்கவும் இல்லை. மொழியில் திரியாத சொல் எத்தனை இருக்கிறது? என் குறை வேறு. அகராதியில் துவக்கு என்ற வடிவத்தின் கீழ் கட்டு, சங்கிலி என்று பொருள் இருக்கிறது. தோல் என்று இருக்கிறது. துப்பாக்கி என்றும் இருக்கிறது. இத்தனையும் சுமக்கிற வடிவத்தின் தலையில் ஆரம்பிப்பதையும் ஏற்றி, அதற்கும் மேலே கணினியின் வெவ்வேறு வேலைகளையும் ஏற்றுகிறோம். அதுவும் தமிழ் பேசுவோரில் ஒரு பகுதியினர் அன்றாடம் துப்பாக்கிக்குச் சொல்லும் சொல்லை. தமிழாக்கக் குழுவில் ஈழத்தவர் ஒருவரை உட்கார வைத்திருந்தால் முதல் நாளே இது அடிபட்டுப் போயிருக்கும்.

துவக்கு அணியினரிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. துவங்கு தன்வினை, துவக்கு பிறவினை. 'கணினி துவங்கவில்லை', 'கணினியைத் துவக்கு' என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். தொடங்கு என்பதை இன்று இரண்டுக்கும் சேர்த்தே புழங்குகிறோம். பாட்டும் தொடங்கும், பாடகரும் பாட்டைத் தொடங்குவார். தொடக்கு என்று பிறவினை இருந்தாலும், பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்குத் தீட்டு என்ற பொருளும் உண்டு, பொத்தானில் தனியாக எழுத முடியாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆகவே தொடக்கத்தைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, பூட்டுக்கு மட்டும் தனிச்சொல் தேடுவதுதான் சரி.

அந்தச் சொல் வெளியில் எங்கும் இல்லை, நம் தெருவிலேயே கிடக்கிறது. வண்டி கிளம்பவில்லை என்கிறோம், பேருந்து கிளம்பிவிட்டது என்கிறோம். கிளம்பு தன்வினை, கிளப்பு பிறவினை. துவக்கு அணியினர் கேட்ட வசதி இதில் முழுதாக இருக்கிறது. அதைவிட முக்கியம், கிளம்புதல் என்றால் கீழிருந்து மேலே எழுதலும்தான். புழுதி கிளம்புகிறது, புகை கிளம்புகிறது, கிணறு வெட்டினால் பூதம் கிளம்புகிறது. தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் அந்தக் காலணி வாரின் குணம் ஒட்டுப்போடாமலே இந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிளப்பு வட்டு, கிளப்பு நிரல், கிளப்பு வரிசை, மீள்கிளப்பு என்று தொடர்களும் மூச்சு முட்டாமல் அமைகின்றன. அந்த வழிகாட்டி வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கலாம்: 'கணினியை மறுபடி கிளப்பி, சரியான கிளப்பு வட்டைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கிளப்பு வட்டைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்.' இரண்டு வாக்கியமானால் குடி முழுகிவிடாது.

கிளம்பு கொச்சை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கொச்சை எது, பேச்சுச்சொல் எது என்ற வேறுபாடு தெரியாமல் போனதுதான் நம் கலைச்சொல்லாக்கத்தின் பெரிய நோய். பேசுகிற சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, யாரும் பேசாத ஒன்றை உருவாக்கி, அதுதான் தரம் என்கிறோம். எழுப்பு என்று சொல்லலாமே என்றார் இன்னொருவர். நல்ல சொல்தான். ஆனால் கணினியை உறங்கவைத்து எழுப்புவது என்று தனியே ஒன்று இருக்கிறது. அங்கே நினைவகத்தில் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும், கண்ணை மட்டும் திறக்கும். அதற்கு எழுப்பு வேண்டும்.

சொல் பிரிந்தால்தான் பழுதும் பிரியும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். கோளாறு கண்டுபிடிப்பதற்கான டிரபிள்ஷூட்டிங் என்ற ஆங்கிலச் சொல், தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிப்போன ஆட்களிடமிருந்து வந்தது. தேடுவதுதான் அதில் முதல் வேலை. நாமோ 'சரிசெய்தல்' என்று போட்டு, தேடுவதை விட்டுவிட்டுச் சரிசெய்யப் போய்விடுகிறோம். பழுதறிதல் என்றால் இரண்டில் எது முதலில் என்பது தெரியும். பொத்தானை அமுக்கி ஒன்றுமே நடக்கவில்லையா, மின்சாரம் வரவில்லை. பிளக்கையும், கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறதா, சோதனையிலேயே நிற்கிறது. பல நேரம் ரேம் என்னும் நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும். எழுத்து வந்து வட்டு இல்லை என்கிறதா, கிளப்பு வரிசையை, அதாவது எதை முதலில் தேடுவது என்ற வரிசையைப் பாருங்கள். தேதி தானாகப் பல வருடம் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். விண்டோஸ் சின்னம் வந்து சுற்றிச்சுற்றி விழுகிறதா, கிளம்பிவிட்டது, ஏறும்போது இடறுகிறது. இத்தனைக்கும் 'கணினி துவங்கவில்லை' என்று ஒரே வாக்கியம் எழுதினால் என்ன பயன்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோதும் இதைப் பார்த்தேன். கணினிகள் முடங்கின என்றுதான் எங்கும் செய்தி. உண்மையில் அவை முடங்கிக் கிடக்கவில்லை. கிளம்பிக் கிளம்பி விழுந்துகொண்டிருந்தன. மனிதர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், 'பாதுகாப்பான பயன்முறை' என்று தமிழில் எழுதப்படும் அந்த முறையில் கிளப்பி, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயரும் எனக்கு ஒப்பில்லை. அது வைரஸிலிருந்து பாதுகாக்கிற முறை என்றே பலர் நினைக்கிறார்கள். தேவையான மிகச் சில நிரல்களோடு மட்டும் கிளம்பும் முறை அது. குறைந்தபட்சக் கிளப்பு என்றால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

நண்பரின் அப்பாவிடம் அந்த வழிகாட்டியை மூடிவிடச் சொன்னேன். "ஐயா, பெட்டியில் ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கிறதா?" என்று கேட்டேன். பேரன் படம் ஏற்றிக்கொடுத்த ஒன்று பின்பக்கம் செருகியபடியே இருந்தது. கிளப்பு வரிசையில் அதுதான் முதல் ஆள். கணினி நேராக அதனிடம் போய், அங்கே கிளம்ப ஒன்றும் இல்லாமல் நின்றிருக்கிறது. இடங்காணாமல் தொடங்கியிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கச் சொன்னேன். அரை நிமிடம் கழித்து அவர் குரல் வந்தது. "எழும்பிட்டுது, தம்பி."