வராத நோயாளியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

இராமநாதபுரம் கடலோரத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையே கிடைக்கவில்லை என்ற நிலை இன்று பெரும்பாலும் இல்லை. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, இன்சுலின் ஆகியவை அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2022 ஜனவரியில் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும், கால் விரல் கறுத்த பிறகும் பார்வை மங்கிய பிறகும்தான் பலர் முழுமையான பரிசோதனைக்கு வந்து சேர்கிறார்கள். இதற்கு நோயாளியின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எங்கள் தொழிலில் உள்ள எளிய பழக்கம். இந்தக் கரையில் மருத்துவம் பார்த்துவரும் என் கருத்தில், காரணத்தின் பெரும்பகுதி மருத்துவமனை தன் வேலைகளை வகுத்துக்கொண்டிருக்கும் முறையில் இருக்கிறது.

இரத்தம் எடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரம் வரைதான் இரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்ட பின் எடுப்பதற்கு மேலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடிவு கைக்கு வரும்போது மருத்துவர் புறநோயாளிப் பிரிவிலிருந்து எழுந்து வார்டுக்குப் போயிருப்பார். மறுநாள் வரச் சொன்னால், தங்கச்சிமடத்திலிருந்தோ வாலிநோக்கத்திலிருந்தோ வருபவர் இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் வருவதில்லை. அடுத்த மாதம் அவர் வரும்போது, பழைய முடிவைத் தேட எவருக்கும் நேரமில்லாமல், அதே மாத்திரையைத் தொடரும்படி சீட்டில் எழுதப்படுகிறது. சர்க்கரை அளவு 250ஐத் தாண்டியும் மருந்தளவு ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. முந்தைய வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான இரத்தத்தைக் கொடுத்து, முடிவை நோட்டில் ஒட்டி வைத்துவிட்டால், மருத்துவரைப் பார்க்கும் அந்த ஒரு நாளே மருந்தை மாற்றப் போதுமானது. (இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்தச் சராசரி சில வேளைகளில் தவறான அளவைக் காட்டும் என்பதையும் அந்த நோட்டில் குறித்திருக்க வேண்டும்.)

நோயாளி எப்போது கடலுக்குப் போகிறார் என்பதற்குச் சீட்டில் இடமே இல்லை. இராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் பெரும்பாலும் கரை திரும்பும். இரவெல்லாம் வலை இழுப்பவருக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்து, அவர் கிளிமெபிரைடு போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால், சர்க்கரை அளவு தாழ்ந்து நடுக்கடலில் வியர்த்து, தள்ளாடி, பேச்சுக் குழறும். உடன் இருப்பவர்கள் அதைக் குடிபோதை என்றே நினைத்துவிடவும் கூடும். இன்சுலினைப் படகில் கொண்டுபோகிறவர் மீனுக்கு வைத்த ஐஸ் பெட்டியிலேயே அதைப் புதைத்து வைப்பதுண்டு. உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது, உருகிய பின்னும் அதைப் போடக் கூடாது. இவற்றைக் கேட்டறிய மருத்துவரின் கூட்ட நெரிசலில் நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு செவிலியர் தனி மேசையில் அமர்ந்து தொழில், உணவு நேரம், இன்சுலினைப் பத்திரப்படுத்தும் இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதினால் அது நடக்கும். கீழக்கரையிலும் தொண்டியிலும் ரமலான் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே இதே மேசையில் மருந்து நேரத்தை மாற்றித் தர முடியும்.

கால் பரிசோதனையின் நிலை இன்னும் மோசமானது. பாம்பன், மண்டபம் பகுதிகளில் பாசி எடுக்கும் பெண்கள் கூர்மையான பாறைகளின் மேல் மணிக்கணக்கில் நீருக்குள் நின்று வேலை செய்கிறார்கள். அவர்களில் சர்க்கரை நோயால் பாத உணர்வு மரத்தவருக்குப் பாறை கிழித்தது வலிக்காது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்கிவிடுவார். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்வு இருக்கிறதா என்று அறிய மூன்று நிமிடம் போதும். இழையை வாங்குவதும் பெரிய செலவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடம் யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லையென்றால் அது எவருடைய வேலையும் ஆகாது. நோயாளி செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அப்படியிருந்தும் அவர் பாதத்தை எவரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கேட்காவிட்டாலும் பாதத்தை நீங்களே நீட்டிக் காட்டுங்கள். புண் சீழ் பிடித்தபின் இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு அதைப்போல் இரு மடங்கு என்று அலையும் நேரத்தில் விரலோடு போக வேண்டியது முழங்கால் வரை போய்விடும்.

கண், சிறுநீர், பாதம் ஆகிய ஆண்டுப் பரிசோதனைகளைக் கடல் நாட்காட்டியோடு இணைத்தால் என்ன என்று பலமுறை சொல்லிவருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வழக்கமாகக் கடலில் இருக்கும் ஆண்களில் பலர் அப்போது கரையில் இருக்கிறார்கள். கண் பரிசோதகர் ஊருக்கு வரும் நாளை அந்த மாதங்களில் வைப்பதற்குக் கூடுதல் பணம் எதுவும் தேவையில்லை.

உள்நோயாளிப் பிரிவில் ஒரே ஒரு செய்தி. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லி லிட்டருக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் வருவது 100. சிவப்பு மூடி ஊசி 40க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100க்கு உரியது. இரண்டும் ஒரே இழுப்பறையில் கிடந்தால் இரவுப் பணியில் மாறிப்போகலாம். மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். வீடு திரும்புகிறவரிடம் மருந்தோடு எந்த ஊசி என்பதையும் எழுதித் தர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பதிவேடு. மாத அறிக்கைக்காக வந்தவர்களின் எண்ணிக்கையும் கொடுத்த மாத்திரையின் கணக்கும் கவனமாக எழுதப்படுகின்றன. சென்ற ஆண்டு பெயர் பதிந்து, மூன்று மாதமாக வராமலிருப்பவருக்குக் கட்டம் இல்லை. நோயாளி அடுத்து வர வேண்டிய மாதத்தின்படி அட்டைகளை அடுக்கினால், மாத முடிவில் எடுக்கப்படாமல் நிற்கும் அட்டைகளே வராதவர் பட்டியல் ஆகிவிடும். அதை அந்தந்த ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுத்தால், யார் கேரளத்துக்கு வேலைக்குப் போனார், யார் தனியார் மருத்துவரிடம் மாறினார், யார் மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிடுகிறார் என்பதை அவர் ஒரு வாரத்துக்குள் கண்டறிந்துவிடுவார். பட்டியல் நீளமாக இருந்தால் இன்சுலின் போடுகிறவர்களின் பெயரையும் பாதம் மரத்தவர்களின் பெயரையும் மேலே எழுதி, அவர்களை அன்றைக்கே தேடிப் போக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் வீட்டுக்கு அடுத்த வாரம் போகலாம்.